சண்முகத்தாயிடம் யார் கேட்டது

சென்னை,
14.7.1991

அன்புள்ள மதினிக்கு,

அழகுத்தாய் எழுதுவது. பத்திரமாக வந்து சேர்ந்தேன். விடுதிச் சாம்பாரைத் தவிர எனக்கு வேறு சீக்கு எதுவும் இல்லை. அம்மாவின் முழங்கால் வலி, அண்ணனின் மில் இருமல், உங்கள் தலைவலி மூன்றும் எப்படி இருக்கின்றன என்று வரிசையாக எழுதுங்கள்.

எம்.ஏ. சமூகப்பணி என்றால் என்ன படிப்பு என்று பஸ் கிளம்புகிற வரைக்கும் அண்ணன் கேட்டுக்கொண்டிருந்தார். சொல்லுங்கள்: வாரத்தில் மூன்று நாள் வகுப்பு, இரண்டு நாள் களப்பணி. ஆதரவு தேவைப்படுகிறவர்கள் இருக்கிற இடத்துக்கே போய் வேலை செய்து கற்றுக்கொள்ள வேண்டும். எனக்குக் காது கேளாத பிள்ளைகள் படிக்கிற ஒரு பள்ளி. நானே கேட்டு வாங்கினேன். ஏன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் சண்முகத்தாய் அக்கா ஒரு நாள்கூடப் பள்ளிக்கூட வாசலை மிதிக்காமலே இருபத்தாறு வயதாகிவிட்டாள்.

அந்தப் பள்ளியில் பிள்ளைகளின் கையைத் தொண்டையில் வைத்து 'அப்பா' என்று சத்தம் வரவழைக்கிறார்கள். கையால் பேசினால் ஸ்கேலால் அடி. டீச்சர் போர்டுப் பக்கம் திரும்பியதும் பெஞ்சுக்குக் கீழே நாற்பது கைகள் பேசுகின்றன! எனக்கு நிஜமான பாடம் ஞாயிற்றுக்கிழமைதான். காது கேளாதவர்கள் முப்பது பேர் ஒரு அச்சகத்து மாடியில் கூடுகிறார்கள். கம்பாசிட்டர், பெயிண்டர், தையல்காரி எல்லாரும் உண்டு. எங்கள் பேராசிரியை என்னை அங்கே சேர்த்துவிட்டார். அவர்களில் பெத்தம்மாள் என்று என் வயதுப் பெண் சைகை மொழி சொல்லித் தருகிறாள். கை கோணலாகப் போனால் முதுகில் ஒன்று வைக்கிறாள். அவர்கள் கையாலேயே ஜோக் அடிக்கிறார்கள், புறணி பேசுகிறார்கள், ஒருவருக்கொருவர் பட்டப்பெயர் வைக்கிறார்கள். இதைக் 'காது கேளாதோர் பண்பாடு' என்று எங்கள் வகுப்பில் தனிப் பாடமாகவே வைத்திருக்கிறார்கள்.

இனிமேல் தெருவில் எவராவது அக்காவை 'ஊமைச்சி' என்றால் சும்மா விடாதீர்கள்.

உங்கள் நாத்தனார்,
அழகு


ராஜபாளையம்,
2.8.1991

அன்பு அழகுவுக்கு,

சுந்தரம்மாள் எழுதுவது. வரிசையாகக் கேட்டாய், வரிசையாகவே சொல்கிறேன். அத்தைக்கு முழங்கால் தேவலை, வாய்தான் தேவலை ஆகவில்லை. உன் அண்ணனை விட்டு இருமல் போய்விட்டது, பீடி போகவில்லை. என் தலைவலி நீ மெட்ராஸ் பஸ் ஏறிய அன்றிலிருந்து காணோம்.

கையாட்டுவதற்கும் எம்.ஏ. பட்டமா? அடேயப்பா! அதை நான் ஆறு வருஷமாக இந்த அடுப்படியில் சம்பளம் இல்லாமல் செய்துகொண்டிருக்கிறேன். நேற்றுக்கூட உன் அக்காவும் நானும் புளியை எங்கே வைத்தோம் என்று அரை மணி நேரம் கையாலேயே அடித்துக்கொண்டோம். எனக்கு யார் பட்டம் தருவார்கள் என்று உன் பேராசிரியையிடம் கேட்டு எழுது.

'ஊமைச்சி' என்ற பால்காரர் பால்சாமியிடம் நான் போட்ட சண்டையில் அவர் இரண்டு நாள் தெருப்பக்கமே வரவில்லை. நமக்குத்தான் காப்பி இல்லாமல் போயிற்று.

சண்முகத்தாய் சுகமாக இருக்கிறாள். பேண்டேஜ் கம்பெனியில் துணி மடிக்கிற பெண்களில் இவளைப் போல யாரும் இல்லை என்கிறார் சூப்பர்வைசர். என்ன சொன்னாலும் சிரித்துத் தலையாட்டுகிறாளாம். வேறு சில காரியங்களும் நடக்கின்றன. அதைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்வோம். நீ வேளைக்குச் சாப்பிட்டு, படிப்பைப் பார்.

இப்படிக்கு,
சுந்தரம்மாள்


சென்னை,
18.8.1991

அன்புள்ள மதினிக்கு,

அழகுவின் வணக்கம். இங்கே எனக்கு ஜலதோஷம் மட்டும். உங்கள் கடிதத்தை அறைத்தோழிகளுக்கு வாசித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். பெத்தம்மாள் எங்கள் வகுப்பு மாணவிகள் ஐந்து பேரை வரிசையாக உட்காரவைத்து, கையால் வேகமாக ஒரு கதை சொன்னாள். எங்களுக்கு ஒரு எழவும் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு ஐந்து பேரும் சிரித்துச் சிரித்துத் தலையாட்டினோம். முடித்துவிட்டு, 'நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கள்' என்றாள். திருதிருவென்று விழித்தோம். எங்கள் ஐந்து பேரையும் கழுதைக்குக் கட்டிவைக்கப்போவதாகச் சொன்னாளாம், நாங்கள் சம்மதித்திருக்கிறோம்! மாடியே சிரித்தது. பிறகு அவள் சிரிக்காமல் சொன்னாள்: "காது கேட்கிறவங்க முன்னால நாங்க ஆயுசு முழுக்க இதைத்தான் செய்யிறோம்."

அன்று முழுவதும் எனக்கு மனசே சரியில்லை மதினி. உங்களிடம் மட்டும் சொல்கிறேன். சேத்தூரில் ஒரு கல்யாண வீடு. எனக்குப் பத்து வயது, அக்காவுக்குப் பதினைந்து. பந்தியில் ஒரு பெரியவர் "எந்த ஊரு தாயி?" என்று அக்காவைக் கேட்டார். அவள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று. வீட்டுக்கு வந்ததும் அவளைக் கண்ணாடி முன்னால் நிறுத்தினேன். நான் வாயசைக்கும்போதெல்லாம் சிரித்துத் தலையாட்டு என்று பழக்கினேன். இரண்டே நாளில் படித்துக்கொண்டாள். ஊரெல்லாம் நல்ல பிள்ளை, அடக்கமான பிள்ளை என்றது. அந்தத் தலையாட்டலை அவளுக்குக் கற்றுக்கொடுத்தவள் நான்தான்.

அது கிடக்கட்டும். 'வேறு சில காரியங்கள்' என்று எழுதியிருந்தீர்களே, என்ன காரியம்?

அழகு


சென்னை,
25.9.1991

அன்புள்ள மதினிக்கு,

வீட்டில் எல்லாரும் சுகம்தானே? ஐந்து வாரமாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்புக்கு முடியாமல் இருந்தால் எழுதாதது நியாயம். கோபமாக இருந்தால் நியாயமில்லை.

நேற்று அண்ணனின் மணியார்டர் வந்தது. கீழே கூப்பனில் இரண்டு வரி: 'சண்முகத்தாய்க்கு இடம் அமைந்துவிட்டது. தை பிறந்ததும் கல்யாணம்.' அவ்வளவுதான். மாப்பிள்ளை யார், என்ன வயது, எந்த ஊர், எதுவுமே இல்லை.

யார் மதினி அவர்? அக்காவிடம் யார் கேட்டது? எப்படிக் கேட்டீர்கள்?

அழகு


ராஜபாளையம்,
6.10.1991

அழகுவுக்கு,

எல்லாரும் சுகம். நானும் சுகம். கோபமும் உண்டு.

கேட்டாய் அல்லவா, கேட்டுக்கொள். மாப்பிள்ளை பெயர் சுயம்புலிங்கம். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிற என் பெரியம்மாவின் மகன். எனக்கு அண்ணன் முறை. ஆலங்குளம் சிமெண்ட் பேக்டரியில் நிரந்தர வேலை. முப்பத்தைந்து வயது. முதல் சம்சாரம் காய்ச்சலில் போய்விட்டாள். மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை இருக்கிறது. குடி கிடையாது, சீட்டு கிடையாது. வரதட்சிணை என்று வாயே திறக்கவில்லை. பெண் கொடுத்த வீட்டிலேயே பெண் எடுப்போம் என்று பெரியம்மாதான் தேடி வந்து கேட்டார்கள். காது கேளாத பெண்ணுக்கு இதற்கு மேல் எந்த ராஜா வருவான்?

உன்னிடம் ஏன் மறைத்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன். 'மதினி தன் ஆளுக்கு எங்க அக்காவைப் பிடித்துக் கொடுக்கிறாள்' என்று நீ நினைப்பாய். இப்போதும் அதைத்தான் நினைக்கிறாய், உன் கடிதத்திலேயே தெரிகிறது.

யார் கேட்டது என்றா கேட்கிறாய்? பெரியம்மா கேட்டார்கள். அத்தை கேட்டார்கள். உன் அண்ணன் கேட்டார். மூன்று தடவையும் அவள் சிரித்துத் தலையாட்டினாள். நாங்கள் ஒன்றும் கையைக் கட்டி இழுத்துக்கொண்டு போகவில்லை.

சுந்தரம்மாள்


சென்னை,
13.10.1991

அன்புள்ள மதினிக்கு,

உங்கள் கோபத்துக்கு என் வணக்கம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் ஆகஸ்ட் மாதக் கடிதத்தை எடுத்து இன்னொரு தடவை வாசியுங்கள். எங்கள் ஐந்து பேருக்கும் கழுதையோடு கல்யாணம் நிச்சயமானது எப்படி என்று பாருங்கள்.

ஒன்றே ஒன்று செய்யுங்கள். பெரியம்மா எந்த முகத்தோடு கேட்டார்களோ அதே முகத்தோடு, வாயால் மட்டும், கையை அசைக்காமல், 'நாளைக்கு உனக்கு மொட்டை அடிச்சிரலாமா?' என்று அக்காவைக் கேளுங்கள். அவள் என்ன செய்கிறாள் என்று எழுதுங்கள். நான் தீபாவளிக்கு வருகிறேன். சைகையில் நானே அக்காவிடம் முறையாகக் கேட்கிறேன்.

அழகு


ராஜபாளையம்,
21.10.1991

அன்பு அழகுவுக்கு,

இங்கே மழை. யாருக்கும் காய்ச்சல் இல்லை.

கேட்டேன். சிரித்தாள். தலையாட்டினாள். அத்தையும் பக்கத்தில் இருந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நம்பாமல் இன்னும் இரண்டு கேட்டேன். 'உன் கம்மலை எனக்குக் கொடுத்திரு' என்றேன். 'நீ இந்த வீட்டை விட்டுப் போயிரு' என்றேன். அதற்கும் தலையாட்டினாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியம்மா சேலை எடுத்துவிட்டார்கள். நீ சீக்கிரம் வா.

சுந்தரம்மாள்


சென்னை,
14.11.1991

அன்புள்ள மதினிக்கு,

ஊரிலிருந்து நல்லபடியாக வந்து சேர்ந்தேன். ஆனால் நல்லபடியாக இல்லை.

முதலில் மன்னிப்பு. தீபாவளியன்று அடுப்படியில் நின்று, 'உங்க அண்ணன் பிள்ளையைப் பார்க்க ஆயா வேணும்னா சம்பளத்துக்கு வையுங்க' என்று சொன்னேன். நீங்கள் முறுக்குச் சுட்டுக்கொண்டே இருந்தீர்கள். பதிலுக்கு நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை மதினி.

நான் எப்படித் தோற்றேன் என்று நீங்கள் பார்த்தீர்கள். இங்கே நாலு மாதம் படித்த சைகைகளையெல்லாம் அக்கா முன்னால் கொட்டினேன். கல்யாணம், சம்மதம், விருப்பம் எல்லாவற்றுக்கும் என்னிடம் சைகை இருந்தது. அவள் என் கைகளை மரியாதையாகப் பார்த்தாள். முடித்ததும் சிரித்தாள். என்னைப் பார்த்தும் தலையாட்டினாள்! ஊரார் வரிசையில் என்னையும் நிறுத்திவிட்டாள். பஸ்ஸில் விருதுநகர் வரைக்கும் அழுதேன். 'முடிவெடுக்கும் உரிமை அவரவருடையது' என்று பரீட்சையில் மூன்று பக்கம் எழுதி வகுப்பிலேயே முதல் மார்க் வாங்கியவள் நான்.

ஞாயிற்றுக்கிழமை பெத்தம்மாளிடம் சொன்னேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "எங்க சைகை அவளுக்கு எப்படித் தெரியும்? சீனாக்காரன் வந்து உன்கிட்ட கேட்டா நீ என்ன பதில் சொல்லுவே? அவ பேசுற ஆள் அந்த வீட்டில யாருமே இல்லையா?" யாரும் இல்லை என்றேன். அவள் விடவில்லை. "அவ யாரோட சண்டை போடுவா?" என்று கேட்டாள்.

யோசித்துப் பார்த்தேன். அம்மாவோடு இல்லை. அண்ணனோடு இல்லை. என்னோடு ஒரு நாளும் இல்லை. எங்கள் எல்லாருக்கும் தலையாட்டல்தான். உங்களிடம் மட்டும்தான் மதினி, புளிக்கும் உப்புக்கும் மல்லுக்கு நிற்கிறாள். உங்களைக் குறிப்பிட, உங்கள் மூக்குத்திக்காகத் தன் மூக்கைத் தொட்டுக் காட்டுகிறாள். இதை இருபது வருஷம் அவளோடு வளர்ந்த எனக்குப் பெத்தம்மாள் சொல்ல வேண்டியிருந்தது.

அதனால் நீங்கள்தான் அவளிடம் கேட்க வேண்டும். வேறு யாராலும் முடியாது. மாப்பிள்ளை உங்கள் அண்ணன் என்பது தெரிந்துதான் கேட்கிறேன்.

அழகு


ராஜபாளையம்,
8.12.1991

அன்பு அழகுவுக்கு,

இங்கே அனைவரும் நலம். உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆயிற்று. பதில் எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. அவளிடம் 'ஆமாம்' என்று வாங்குவது எப்படி என்று எனக்குத் தெரியும். நான் முகத்தைக் கொஞ்சம் வாட்டமாக வைத்தால் போதும், எனக்காக அவள் எதற்கும் ஒத்துக்கொள்வாள். அப்படி வாங்கிவிடலாமா என்று முதல் இரண்டு வாரமும் நினைத்தேன். பொய் சொல்ல மாட்டேன்.

பொறவு போன ஞாயிற்றுக்கிழமை அவளை ஆலங்குளம் பஸ்ஸில் ஏற்றினேன். எதையும் சொல்லவில்லை, பார்க்கட்டும் என்று கூட்டிக்கொண்டு போனேன். வீட்டைப் பார்த்தாள். மரத்து இலையெல்லாம் சிமெண்டின் வெள்ளைப் புழுதி. சுவரில் மாலை போட்ட போட்டோவைப் பார்த்தாள். என் அண்ணன் கலர் சோடா வாங்கிக் கொடுத்து மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். பேசியதெல்லாம் என்னிடம். குழந்தை நேராக வந்து இவள் மடியில் உட்கார்ந்தது. இவளும் தூக்கி வைத்துக்கொண்டாள். சரி, காரியம் முடிந்தது என்று எனக்குள் சந்தோஷம்தான்.

மறுநாள் காய் நறுக்கும்போது கேட்டேன். மீசையை முறுக்கிக் காட்டினேன், குழந்தை உயரம் காட்டினேன், பஸ் காட்டினேன், நீ அங்கே போய் இருக்கிறாயா என்றேன். சிரித்துத் தலையாட்டினாள். எனக்கு வந்ததே கோபம்! அரிவாள்மணையைத் தள்ளி வைத்துவிட்டு, அவளைப் போலவே பல்லைக் காட்டிப் பத்துத் தடவை தலையாட்டினேன். கத்தரிக்காயைப் பார்த்துத் தலையாட்டினேன், சுவரைப் பார்த்துத் தலையாட்டினேன். அவளுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. என் தோளைப் பிடித்துத் தள்ளினாள். நானும் தள்ளினேன். அத்தை "ஏட்டி, ரெண்டு பேருக்கும் கிறுக்கா புடிச்சிருக்கு?" என்று ஓடி வந்தார்கள்.

அப்போதுதான் அவள் பேசினாள், அழகு. மீசையைக் காட்டினாள், சாப்பாட்டுத் தூக்குவாளியைக் காட்டினாள், அவர் நைட் ஷிப்டு போய்விட்டார். கதவைச் சாத்தினாள். குழந்தை படுத்திருக்கிறது. வாயைத் திறந்து அழுகிறது. தன் காதைத் தொட்டாள், கையை விரித்தாள். தான் தூங்கிக்கொண்டிருப்பதைக் காட்டினாள். குழந்தை இன்னும் அழுகிறது. அடுப்பைத் தொடுகிறது. கையை உதறி உதறிக் காட்டினாள். அவள் கண்ணில் தண்ணீர். பெரியவர்கள் ஆறு பேர் உட்கார்ந்து பேசினோமே, ஒருத்தருக்காவது இது தோன்றியதா? பொறவு தன் மூக்கைத் தொட்டாள், அங்கே நான் இல்லை என்று கையை விரித்தாள். கடைசியாக இரண்டு கையையும் முன்னால் நீட்டி, மாட்டேன் என்று ஒரே தள்ளாகத் தள்ளினாள். இத்தனை வருஷத்தில் அவள் 'மாட்டேன்' சொல்லி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

உன் அண்ணனைக் கூப்பிட்டு, எல்லாவற்றையும் அவர் முன்னால் மறுபடி செய்யச் சொன்னேன். செய்தாள்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நானே போய்ச் சொல்லிவிட்டேன். பேசினார்கள். கேட்டுக்கொண்டேன்.

சுந்தரம்மாள்


சென்னை,
16.12.1991

அன்புள்ள மதினிக்கு,

சுகம், சுகம், சுகம்! உங்கள் கடிதத்தைப் பெத்தம்மாளுக்குக் கையாலேயே சொல்லிக் காட்டினேன். கத்தரிக்காய்க்குத் தலையாட்டிய இடத்தில் மாடியில் இருந்தவர்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். திருப்பித் திருப்பிக் கேட்டார்கள். அக்காவையும் உங்களையும் மாசியில் இங்கே கூட்டிக்கொண்டு வரச் சொல்லி எல்லாரும் உத்தரவு. அக்கா இங்கே முப்பது பேரோடு பேசட்டும். எனக்கும் அவளுடைய சைகைகளை முதலிலிருந்து படிக்க வேண்டும்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. மற்றதையெல்லாம் விலாவாரியாக எழுதிவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூரைப் பற்றி ஒன்றரை வரிதான் எழுதியிருக்கிறீர்கள். அங்கேயே இருக்கிற உங்கள் அப்பா அம்மா என்ன சொன்னார்கள்?

அழகு


ராஜபாளையம்,
18.1.1992

அன்பு அழகுவுக்கு,

அத்தை, உன் அண்ணன், சண்முகத்தாய், நான் எல்லாரும் சுகம். பொங்கல் பொங்கி, வாசலில் மாக்கோலம் இன்னும் அழியவில்லை.

நீ கேட்டதற்கு அப்போது பதில் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். எங்கள் அப்பா வருஷா வருஷம் பொங்கலுக்கு முதல் நாள் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பொங்கப்படி கொண்டுவருவார். பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, கரும்பு. கல்யாணமாகி ஆறு வருஷத்தில் ஒரு தடவையும் தப்பியதில்லை. பிறந்த வீட்டிலிருந்து அது வந்தால்தான் கட்டிக்கொடுத்த பெண்ணுக்குத் தெருவில் மதிப்பு. 'உன் நாத்தனாதான் ஒனக்கு ஒசத்தின்னா, அங்கேயே கெட' என்று, நான் மறுப்புச் சொல்லப் போன அன்றைக்கு எங்கள் அம்மா சொன்னாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். நான் அதை உனக்கு எழுதவில்லை.

இந்த வருஷம் படி வரவில்லை. நான் எதிர்பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். மத்தியான பஸ்ஸுக்கும் பார்த்தேன், அடுத்த பஸ்ஸுக்கும் பார்த்தேன். உன் அண்ணன், "நான் போயி வாங்கிட்டு வாரேன், விடு" என்றார். புருஷன் வாங்கிக்கொண்டு வந்தால் அது பலசரக்கு, படியா? அத்தை முன்னாலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

சண்முகத்தாய் என்னைப் பார்த்தாள், வெறும் வாசலைப் பார்த்தாள். தீபாவளிச் சேலையைக் கட்டிக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

ஒரு மணி நேரம் கழித்துத் தெருவே வெளியில் வந்து நிற்கிறது. நடுத்தெருவில் வருகிறாள். தலையில் புது ஓலைப்பெட்டி நிறையப் பச்சரிசி, அதன் மேல் வெல்லம், மஞ்சள் கொத்து. தோளில் இரண்டு கரும்பு. எல்லாம் அவள் துணி மடித்துச் சம்பாதித்த காசு. வந்தவள் வீட்டுக்குள் வரவில்லை. வெளியூரிலிருந்து வந்தவளைப் போல வாசலிலேயே நிற்கிறாள்! அத்தை, "உள்ள வாயேன்டி, வெயில்ல நிக்கியே" என்று கையைப் பிடித்து இழுக்கிறார்கள். அசையவில்லை. என்னையே பார்க்கிறாள். எனக்கு அப்போதுதான் விளங்கியது. உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, கைகூப்பி, வாங்க என்றேன். எங்கள் அப்பாவுக்குச் செய்வதைப் போலவே செய்தேன். தண்ணீரைக் குடித்துவிட்டு உள்ளே வந்து, பெட்டியை இறக்கி என் இரண்டு கையிலும் கொடுத்தாள்.

எதிர்வீட்டு மாரியாத்தாளுக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் வாசலில் நின்றுகொண்டு, "என்ன சுந்தரம், இந்த வருசம் படி எங்கேயிருந்து வந்திருக்கு?" என்று சத்தமாகக் கேட்டாள்.

"எங்க அம்மா வீட்டிலேருந்து" என்றேன்.

இப்படிக்கு,
சுந்தரம்மாள்